எட்டாவது பையன், ஃப்ரீ ஃபயர், காலாண்டுக் கணக்கில் 41: போனைப் பிடுங்குவதா, நேரம் வைப்பதா?

தறிவீட்டு அம்மா, ஈரோடு:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. பெரியவன் எட்டாவது படிக்கிறான். மெட்ரிக் பள்ளி, இங்கிலீஷ் மீடியம். ஏழாவது முழு ஆண்டுப் பரீட்சையில கணக்கு 84, அறிவியல் 79. இப்போ காலாண்டுப் பேப்பர் வந்திருக்கு. கணக்கு 41, அறிவியல் 48. தமிழ் 77, சோஷியல் 72, இங்கிலீஷ் 66, அதெல்லாம் எப்பவும் வாங்கறதுதான். ரேங்க் கார்டுல கையெழுத்துப் போடப் போனப்போ கிளாஸ் மிஸ் தலையை நிமிர்த்தாமலே சொன்னாங்க, "செல்லுல கேம் ஆடறான்னு பசங்க சொல்றாங்கம்மா, கொஞ்சம் கண்டிச்சு வைங்க"ன்னு. அவ்வளவுதான் பேச்சு. பின்னாடி இன்னும் பத்து அம்மாக்கள் வரிசையில நின்னாங்க.

ஆடறது உண்மைதானுங்க. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்னு டீம் சேர்ந்து சுட்டுக்கற ஆன்லைன் கேம். ஹோம்வொர்க் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்ல வர்றதால என்னோட பழைய போன் அவன்கிட்டயே கிடக்குது. நாலே முக்காலுக்கு வேன் கொண்டாந்து விட்ரும். நான் ஜவுளிக் கடையில பில்லிங். வீடு வர எட்டு மணி, தீபாவளி நெருங்கினா ஒன்பதும் ஆகும். அவங்க அப்பாவுக்குத் தறிப்பட்டறை. வீட்டுல மாமியார் இருக்காங்க. பேரன் பால் குடிச்சானா, கால் கழுவினானான்னு பார்ப்பாங்க. போனுக்குள்ள என்ன நடக்குதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? "கண்ணு, படிக்கிறயா?"ன்னு கேட்டா "ஆமா அப்பத்தா, குரூப்ல ஹோம்வொர்க் பாக்கறேன்"ம்பானாம்.

போன் செட்டிங்ல எவ்வளவு நேரம் ஆடினான்னு காட்டற டிஜிட்டல் வெல்பீயிங்னு ஒண்ணு இருக்குன்னு கடையில கூட வேலை செய்யற பொண்ணு காட்டிக் குடுத்துச்சு. சாதா நாள்ல மூணரை மணி நேரம், ஞாயித்துக்கிழமை ஏழு மணி நேரம். பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிருச்சு. ராத்திரி தூங்கிட்டான்னு நெனச்சா போர்வைக்குள்ள நீலமா வெளிச்சம் தெரியுது. பொறந்த நாளுக்கு எங்க அண்ணன் குடுத்த 500 ரூபாயும் முக்குக் கடையில குடுத்து டைமண்டா மாத்தியாச்சாம், கேமுக்குள்ள செலவு பண்ற காசாம் அது. துப்பாக்கிக்குப் புதுச் சட்டையாம்! துப்பாக்கிக்கு எதுக்குங்க சட்டை?

இவரு கோவத்துல போனைப் பீரோவுல வெச்சுப் பூட்டினாரு. பையன் எங்ககூடப் பேசறதையே நிறுத்திட்டான். அப்புறம் "நோட்ஸ் எழுதணும்"னு அடுத்த வீதி சிநேகிதன் வீட்டுக்குப் போக ஆரம்பிச்சான். அங்க போய் அவன் போன்ல ஆடறான். கொழுந்தனாரு "இது அடிக்ஷன், டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க அண்ணி"ங்கறாரு.

முழு ஆண்டு வரைக்கும் அடியோட நிறுத்திரலாமா, நேரம் வெக்கலாமா? வெச்சா எவ்வளவு? வேலைக்குப் போற நான் அதை எப்படிக் கண்காணிக்கறது? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க. வளர்ப்பு சரியில்லைன்னு திட்டறவங்க வீட்டுலயே நிறைய இருக்காங்க, அது இங்க வேண்டாம்.

தாராபுரம் தாத்தா:

அம்மிணி, இதுக்குப் போய் இத்தனை ரோசனையா? அந்தப் போனை உரல்ல போட்டு இடிச்சுருங்க. பட்டன் போன் ஒண்ணு வாங்கிக் குடுங்க, பேசறதுக்குத்தானே போனு. எங்க காலத்துல கில்லி, பம்பரம் எல்லாம் ஆடினோம், பொழுது உழுந்தா கண்ணு தெரியாது, தானா வீடு வந்து சேர்ந்தோம். இப்பத்தப் பசங்களுக்குப் பொழுதே உழறதில்ல, அதுதான் சங்கடம்.

தறிவீட்டு அம்மா:

உடைக்கறது சுலபம்ங்க ஐயா. மறுநா ஹோம்வொர்க் எதுன்னு கேட்டு நான் யார் வீட்டுக் கதவைத் தட்டறது? பள்ளிக்கூடமே போன்லதான் நடக்குது.

விருதுநகர் கணக்கு வாத்தியார்:

சகோதரி, எட்டாவது ஒன்பதாவதுக்குக் கணக்கு எடுக்கிறவன் நான். அரசுப் பள்ளி. காலாண்டு முடிந்து பெற்றோர் வரும்போது பாதிப் பேர் குற்றவாளியைக் கையோடு பிடித்துக்கொண்டுதான் வருவார்கள்: போன். சில வீட்டில் அது சரியாகவும் இருக்கும். ஆனா நீங்க எழுதின மார்க்கை நீங்களே இன்னொரு தரம் படிங்க. தமிழ் விழவில்லை, சமூக அறிவியல் விழவில்லை, ஆங்கிலம் எப்பவும் உள்ள இடத்தில் நிற்கிறது. மூணரை மணி நேர ஆட்டம்தான் முழுக் காரணம் என்றால் ஐந்தும் சேர்ந்து சரிந்திருக்கணும். இரண்டு மட்டும் இப்படி விழுந்திருக்கு. அந்த இரண்டுக்குள் என்ன நடந்தது என்று பார்க்காமல் போனைப் பூட்டினால், போன் இல்லாத 41 வரும்.

எட்டாவது கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் முதலில் விகிதமுறு எண்கள். உங்க பையன் ரேஷனல் நம்பர்ஸ் என்பான். பின்னமும் குறை எண்ணும் ஒரே கணக்கில் வரும். ஏழாவது வரைக்கும் பின்னத்தை மனப்பாடமாக ஒப்பேற்றி 84 வாங்கலாம், நிறையப் பேர் வாங்குகிறார்கள். எட்டாவதில் அது செல்லாது. அப்புறம் இயற்கணிதம் வரும், அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் குறியோடு. அறிவியலைப் பார்த்தால் தொடக்கத்திலேயே அளவீட்டியல், விசையும் அழுத்தமும். அங்கேயும் வகுக்கணும், அலகு மாற்றணும். கணக்கு நொண்டினால் அறிவியல் தானாக நொண்டும். எட்டாவதில் இரண்டும் சேர்ந்து விழுவதை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன், போனே தொடாத பிள்ளைகளிடமும்.

அதனால் இன்று ராத்திரி பேப்பரை எடுத்து வையுங்க. மார்க்கை விடுங்க, தப்பை மட்டும் பாருங்க. உங்களுக்குக் கணக்கு வரணும் என்று அவசியமில்லை.

பையனிடம் 20 − (8 − 5) எவ்வளவு என்று கேளுங்க. 17 என்று சட்டென்று சொல்வான். அதையே அடைப்புக்குறியைப் பிரித்து எழுதிப் போடச் சொல்லுங்க. 20 − 8 − 5 என்று எழுதி 7-ல் போய் நின்றான் என்றால் வியாதி அங்கே இருக்கிறது. உள்ளே இருக்கும் 5-க்குக் குறி மாறணும் என்பது அவனுக்குப் பிடிபடவில்லை. இந்த ஒரு ஓட்டையால் இயற்கணிதம் முழுக்க ஒழுகும். இன்னொன்று: −2/3 பெரியதா, −3/4 பெரியதா? முக்கால் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற பிள்ளைகள்தான் அதிகம். பூஜ்யத்துக்குக் கிட்டே இருப்பது −2/3, அதனால் அதுதான் பெரியது.

முதல் இரண்டு பக்கம் சுத்தமாகப் போட்டுவிட்டுக் கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்தால் அது வேற கதை. தூக்கம் போதாத பிள்ளையின் பேப்பர் அப்படி இருக்கும், பாதிக்கு மேல் மூளை இழுக்காது. பதிமூன்று வயசுக்காரனுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூக்கம் வேணும். வேனுக்காக ஆறு மணிக்கு எழுப்புகிறீர்கள் என்றால் பத்து மணிக்கு அவன் கண் மூடியிருக்கணும். போர்வைக்குள் வெளிச்சம் என்று எழுதியிருக்கீங்களே, நீங்க சொன்னதில் எனக்கு உண்மையிலேயே உறுத்தினது அதுதான். மூணரை மணி நேரத்தைவிட அந்த ராத்திரி நேரம் மோசம்.

அப்புறம் கிளாஸ் நோட்டு. கரும்பலகையைப் பார்த்து எழுதின எண்ணெல்லாம் சரியா என்று புத்தகத்தோடு வைத்துப் பாருங்க. 3 இருக்க வேண்டிய இடத்தில் 8, 6 இருக்க வேண்டிய இடத்தில் 0 என்று வந்தால் கண்ணைப் பரிசோதிக்கணும். எங்க பள்ளிக்குக் கண்ணொளி காப்போம் திட்டத்தில் வந்து பார்ப்பார்கள், வருஷத்துக்கு வகுப்பில் நாலைந்து பேருக்காவது கண்ணாடி வரும். அதில் ஒருத்தனும் முன்னாடி வாயைத் திறந்து "சார், போர்டு தெரியல" என்று சொல்லியிருக்க மாட்டான். தெரிவதே அவ்வளவுதான் என்று நினைத்திருப்பான்.

விளையாட்டைப் பற்றி நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். வகுப்பில் தினமும் நாற்பது நிமிஷம் ஒன்றும் புரியாமல் தலை குனிந்து உட்கார்ந்திருப்பவன், பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் ஜெயிக்க முடிகிற இடத்துக்கு ஓடத்தான் செய்வான். எது முதலில் வந்தது, கணக்கில் தோற்றதா, ஆட்டத்தில் விழுந்ததா என்று கேட்டுப் பாருங்க. ஜூன் மாசம் அவன் கணக்கு நோட்டும் செப்டம்பர் நோட்டும் பக்கத்தில் வைத்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

ஒன்று மட்டும் செய்யாதீங்க. "80 வாங்கு, போன் தர்றேன்" என்கிற பேரம். 41-ல் இருப்பவனுக்கு அரையாண்டில் 80 வராது. வராது என்று அவனுக்கே தெரியும். தெரிந்ததும் பேரத்தையே விட்டுவிடுவான். ஆட்ட நேரம் ஆட்ட நேரமாக இருக்கட்டும், கணக்குக்கு 25 நிமிஷம் கணக்குக்காக இருக்கட்டும். நீங்க வீடு வந்ததும், சாப்பாட்டுக்கு முன்னால், பக்கத்தில் உட்கார்ந்து "இது எப்படி வந்துச்சு, எனக்குச் சொல்லு" என்று மட்டும் கேளுங்க. அவன் சொல்லிக் கொடுக்கும்போது எங்கே முழுங்குகிறானோ அங்கேதான் ஓட்டை.

சேலம் ரெண்டு பசங்க அம்மா:

வாத்தியார் சொல்றது சரிதான், ஆனா எல்லா வீட்டுக்கும் நேரம் வெக்கறது ஒத்து வராதுங்க. எங்க பெரியவன் பத்தாவது வந்ததும் நாங்க அடியோட எடுத்துட்டோம். அரை மணி நேரம்னு வெச்சா அந்த அரை மணி நேரத்துக்காக நாள் பூரா காத்துக்கிட்டே இருப்பான், படிப்பில மனசு நிக்காது. அவனே "ஐடியை டெலீட் பண்ணிடும்மா"ன்னு சொன்னான், அதனால நடந்துச்சு. ரெண்டாவது பையன்கிட்ட அதே வேலை எடுபடல. அவன் இன்னும் ஆடிட்டுத்தான் இருக்கான், மார்க்கும் வாங்கிட்டுத்தான் இருக்கான். என்னத்தச் சொல்ல.

முன்னாள் ஸ்குவாட் லீடர், கோவை:

அக்கா வணக்கம். உங்க பையன் மாதிரிப் பையனா இருந்தவன்ங்கற தகுதியில எழுதறேன். எனக்கு இப்போ வேலை ஐடி சப்போர்ட், வீக்கெண்ட்ல இன்னும் கொஞ்சம் ஆடறேன்.

முதல்ல தடை விஷயம். 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி பப்ஜி மொபைலைத் தடை பண்ணினாங்க. நான் அப்போ காலேஜ், கொரோனாவால வீட்டுலயே கிடக்கறேன். நியூஸ் வந்ததும் எங்கம்மா பிள்ளையாருக்குத் தேங்கா உடைச்சாங்க. அந்தத் தேங்காயைச் சட்னி அரைக்கறதுக்குள்ள நாங்க நாலு பேரும் ஃப்ரீ ஃபயருக்குக் குடி போயிட்டோம். 2022 பிப்ரவரில அதையும் தடை பண்ணினாங்க. மேக்ஸ் தப்பிச்சுது, பழைய ஐடி, பழைய ரேங்க் எல்லாம் அப்படியே அதுல வந்துச்சு. சீனாவுல 2021-லிருந்து பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, லீவு நாள்ல ராத்திரி எட்டு டு ஒன்பது மட்டும்தான் ஆன்லைன் கேம். அங்கேயும் பெரியவங்க ஐடியில நுழையற பசங்க இருக்காங்க. பீரோ சாவியை வெச்சு இதுல ஜெயிக்க முடியாதுக்கா. அடுத்த வீதியில ஒரு போன் இருக்கற வரைக்கும் முடியாது.

ஆனா நேரம் வெக்கறதுல எல்லா அம்மா அப்பாவும் ஒரே இடத்துல சறுக்கறாங்க. "ஏழு மணி ஆச்சு, வை போனை!" இந்தக் கேம்ல நடுவுல நிறுத்தி வெச்சுட்டு அப்புறம் வந்து ஆடற வசதி கிடையாது. நாலு பேர் ஒரு டீம். உங்க பையன் நடுவுல போனா மீதி மூணு பேர் தோப்பாங்க, மறுநாள் ஸ்கூல்ல அவனை வறுத்து எடுத்துருவாங்க. பந்தியில சாம்பார் சாதத்தோட எழுப்பி விட்டா எப்படி இருக்கும்? அந்தக் கோவம்தான் உங்க மேல வருது. அதனால மணியை வெக்காதீங்க, ஆட்டத்தை வெச்சுப் பேசுங்க. "ஆறே முக்காலுக்கு மேல புது மேட்ச் ஸ்டார்ட் பண்ணக் கூடாது." அவ்வளவுதான் ரூல். பேட்டில் ராயல்னா, பசங்க பிஆர்ம்பாங்க, கடைசி வரைக்கும் நின்னா பதினஞ்சு நிமிஷம், மிஞ்சிப்போனா இருபது. கிளாஷ் ஸ்குவாட்னா முதல்ல நாலு ரவுண்டு எடுக்கற டீம் வின், பெரும்பாலும் பத்து நிமிஷத்துல முடிஞ்சிரும். இந்த ரெண்டு ஆட்டத்தோட பேரும் உங்க வாயிலிருந்து வந்தாலே பையன் ஒரு நிமிஷம் ஆடிப்போவான். "இன்னும் ஒரே ஒரு மேட்ச்"ங்கறது கிளாஷ் ஸ்குவாடா, பிஆரான்னு திருப்பிக் கேளுங்க.

அந்த மூணு பேர் யாருன்னு கேட்டுக்கோங்க. கிளாஸ்மேட்டாத்தான் இருப்பாங்க. அவங்க அம்மாங்ககிட்ட வாட்ஸ்அப்ல பேசி நாலு வீட்டுலயும் ஒரே நேரத்துல நிறுத்தப் பாருங்க. டீமே ஆஃப்லைன் போனா இவன் மட்டும் தனியா உக்காந்து ஆட மாட்டான், ஆடினாலும் ருசிக்காது. நூறு ஆப் லாக்கைவிட இது வேலை செய்யும்.

ரேங்க் விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். ப்ரோன்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம், டைமண்ட், ஹீரோயிக்னு ஏறும். சீசன் முடிஞ்சதும் எல்லாருக்கும் ரேங்க் இறங்கிரும், மறுபடி ஏறணும். முடியறதுக்கு முன்னாடி ஒரு வாரம் பசங்க வெறி பிடிச்சு ஆடுவாங்க. அந்தத் தேதி கேம்லயே போட்டிருக்கும். அரையாண்டுப் பரீட்சையோட மோதுதான்னு இப்பவே பார்த்து வைங்க. மோதினா அதுக்கு முந்தின வாரமே ஏத்திக்கச் சொல்லுங்க. சிரிக்காதீங்க, நான் சீரியஸா சொல்றேன்.

ஹெட்செட் குடுக்காதீங்க. ஸ்பீக்கர்ல ஹால்ல உக்காந்து ஆடட்டும். கிளாஸ் பசங்களா பேசறாங்க, முப்பது வயசு ஆளா பேசறான்னு உங்க மாமியாருக்கே கேக்கும். கெட்ட வார்த்தை வந்தா அவங்களே வெளக்கமாத்தைத் தேடுவாங்க.

டைமண்ட் முக்குக் கடையில காசு குடுத்து வாங்கினதா எழுதியிருந்தீங்க. கடைக்காரர்கிட்ட நேர்ல போய் ஒரு வார்த்தை சொன்னா போதும். உங்க யூபிஐ அந்த போன்ல இருந்தா முதல்ல அதை எடுங்க, பிளே ஸ்டோர்ல ஒவ்வொரு தடவை வாங்கறதுக்கும் பாஸ்வேர்ட் கேக்கற மாதிரி வைங்க. துப்பாக்கிக்குச் சட்டை எதுக்குன்னு கேட்டீங்களே, நானும் அந்த வயசுல கேட்டதில்லக்கா, வாங்கிட்டேன்.

மதுரை நர்ஸ்:

கொழுந்தனாருக்கு ஒரு வார்த்தை. மருத்துவத்துல கேமிங் டிஸார்டர்னு ஒண்ணு இருக்கறது நெஜம். உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-11 நோய்ப் பட்டியல்ல இருக்கு, அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில நடைமுறைக்கு வந்துச்சு. ஆனா ரொம்ப நேரம் ஆடறான்ங்கறதை மட்டும் வெச்சு அந்தப் பேரைக் குடுக்க மாட்டாங்க. நிறுத்தணும்னு நினைச்சாலும் முடியாம போறது, சாப்பாடு, பள்ளிக்கூடம், சிநேகிதங்க எல்லாத்துக்கும் மேல ஆட்டம் போயிடறது, கெடுதல் நடக்குதுன்னு தெரிஞ்சும் தொடர்றது, இதெல்லாம் பொதுவா ஒரு வருஷ அளவுக்காவது நீடிக்கணும். உங்க பையன் இன்னும் தமிழ்ல 77 வாங்கறான், வேனுக்கு நேரத்துக்குப் போறான். அவசரப்பட்டு அவன் காதுபட "அடிக்ட்"னு சொல்லாதீங்க.

பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு உக்காந்தான், வீட்டுல காசு காணாமப் போகுது, போனை வாங்கினா அடிக்க வர்றான், இல்ல செத்துருவேன்னு வாயில வருதுன்னா ஒரு நாளும் தள்ளிப் போடாதீங்க. டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண் 14416, எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில இதுக்குன்னே ஷட் கிளினிக்னு 2014-லிருந்து நடக்குது. அவ்வளவு தூரம் போற நிலைமை உங்களுக்கு வரல.

தறிவீட்டு அம்மா:

தீபாவளி முடிஞ்சுதான் மூச்சு விட முடிஞ்சுதுங்க, அதான் இத்தனை தாமதம். எழுதின எல்லாருக்கும் நன்றி.

வாத்தியாரய்யா, 20 − (8 − 5) கேட்டேன். 17-னு சொன்னான். பிரிச்சு எழுதச் சொன்னேன். நீங்க சொன்ன மாதிரியே 20 − 8 − 5 எழுதி 7 போட்டான். போட்டுட்டு ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்க்கறான், மொகத்துல ஒண்ணும் ஓடல. "மிஸ் ஸ்பீடா நடத்தறாங்க, கேட்டா போன வருஷமே படிச்சதுங்கறாங்க"ன்னான். பேப்பர்ல போன மார்க்குல பாதிக்கு மேல இந்தக் குறி மாத்தற இடத்துலதான் போயிருக்கு.

அறிவியல் நோட்டுல 0.6 எல்லாம் 0.8-ஆ இருந்துச்சு. பையன் வளத்தி, அதனால கடைசிக்கு முன்னாடி பெஞ்சு. கண்ணாஸ்பத்திரியில காட்டினோம். ரெண்டு கண்ணுலயும் கிட்டப்பார்வை, வலது கொஞ்சம் கூட. கண்ணாடி போட்டாச்சு. மாமியாரு "போன் பார்த்துத்தான் கண்ணு போச்சு"ங்கறாங்க. டாக்டரம்மா எங்க குடும்பத்துல யாராவது சின்ன வயசுலயே கண்ணாடியான்னு கேட்டாங்க. இவரு பத்து வயசுலயே போட்டவரு, கமுக்கமா நின்னுக்கிட்டாரு. பக்கத்துல வெச்சுப் பாக்கறதைக் குறைக்கணும், வெளிய வெளிச்சத்துல வெளையாட விடணும்னும் சொல்லி விட்டாங்க. அதனால இப்போ வேன் எறங்கினதும் ஆறு மணி வரைக்கும் தெருவுல கிரிக்கெட்டு. அதுக்கப்புறம்தான் போன். ராத்திரி போனு மாமியார் கட்டிலுக்குத் தலைமாட்டுல சார்ஜ்ல கெடக்குது. அவங்க தூங்கற மாதிரி இருக்கும், ஆனா தூங்க மாட்டாங்க.

கோவைத் தம்பி, ஆறே முக்காலுக்கு மேல புது மேட்ச் கிடையாதுங்கறது ஓரளவு நடக்குது. கிளாஷ் ஸ்குவாடா பிஆரான்னு கேட்டதும் "உனக்கு யார் சொன்னா?"ன்னு ஒரே விசாரணை. டீம் அம்மாங்க ரெண்டு பேரு ஒத்துக்கிட்டாங்க. மூணாவது அம்மா "எம் பையன் ஃபர்ஸ்ட் ரேங்க், அவனை நான் ஏன் நிறுத்தணும்"னுட்டாங்க. என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம "சரிங்க"ன்னு போனை வெச்சுட்டேன். சனிக்கிழமை இன்னும் சண்டைதான். யூனிட் டெஸ்ட்ல கணக்கு ஐம்பதுக்கு 29.

இப்போ புதுசா ஒண்ணு கேக்கறான். ஸ்கூல் பசங்க எல்லாம் சேர்ந்து ஞாயித்துக்கிழமை கேம்லயே தனியா கஸ்டம் ரூம் போட்டு டோர்னமென்டாம். ஒரு டீமுக்கு 100 ரூபாய் எண்ட்ரி, ஜெயிச்சா 800 ரூபாய். யாரோ ஒரு அண்ணன் நடத்தறாராம். விடலாமா?

விருதுநகர் கணக்கு வாத்தியார்:

ஐம்பதில் போன 21 மார்க்கில் குறித் தப்பு எத்தனை, பின்னத் தப்பு எத்தனை என்று பிரித்துப் பாருங்க. குறி சரியாகிப் பின்னம் மிச்சம் இருந்தால் ஏழாவது புத்தகத்தை மறுபடி எடுக்கணும். கண்ணாடி போட்டவனை முன் பெஞ்சுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்க, வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

முன்னாள் ஸ்குவாட் லீடர், கோவை:

அக்கா, காசு கட்டி ஆடறதுக்கு விடாதீங்க. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கற ஆன்லைன் ஆட்டங்களை நடத்தக் கூடாதுன்னு 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு சட்டமே போட்டிருக்கு. அதுபோக, பசங்க கதையில இந்த "யாரோ ஒரு அண்ணன்" அடிக்கடி வருவாரு. எங்க காலேஜ்ல இப்படி ஒரு அண்ணன் பன்னெண்டு டீம்கிட்ட வாங்கிட்டு ரூம் ஐடியே அனுப்பாம காணாமப் போயிட்டாரு. எண்ட்ரி இல்லாம, ஜெயிச்ச டீமுக்குத் தோத்த டீம் பரோட்டா வாங்கித் தரணும்னு வெச்சு ஆடச் சொல்லுங்க. ரூமை உங்க பையனே போடட்டும், பாஸ்வேர்ட் கிளாஸ் பசங்களுக்கு மட்டும் போகட்டும். பத்து மணிக்கு ஆரம்பிச்சா மூணு மேட்ச், பதினொண்ணேகாலுக்குள்ள முடிஞ்சிரும். அந்த மூணாவது அம்மாவோட பையனும் வருவான் பாருங்க.